வந்த செய்தியை வாசிக்கக் கற்பிப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

புலவர்களும் பட்டதாரிகளும் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் எனக்கும் பேச இடம் தந்த செயற்குழுவினர்க்கு நன்றி உடையேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குச் செய்தி வாசிக்கக் கற்பித்தல் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே. அது நான் செய்த ஒரு பிழை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை இப்பீகார் மண்ணில் வாழும் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று காணொளிகள் பரவின. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் அதனை மறுத்தார். ஒன்று, பீகார்த் தொழிலாளரின் இரு குழுக்களுக்குள் நடந்த சண்டை. மற்றொன்று, கோவையில் உள்ளூரார் இருவருக்குள் நடந்த சண்டை என்று விளக்கினார். பீகார் அரசும் அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி விசாரித்தது. ஆயினும் பொய் வந்து சேர்ந்த வேகத்தில் மறுப்பு வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் தவறினேன்.

ஒருநாள் இரவு என் கைப்பேசிக்கு ஓர் ஒலிப்பதிவு வந்தது. இந்நகரத்துத் தமிழர் வீடுகளுக்கு ஆபத்து வரப்போகிறது என்றது அக்குரல். நான் பதறினேன், நம் காலனிக் குழுவுக்கு உடனே அனுப்பிவிட்டேன். மறுநாள் தேர்வு நாள். ஆயினும் நம் பிள்ளைகள் சிலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கடைக்குச் செல்லவும் பெண்கள் அஞ்சினர். பல்லாண்டுகளாக நமக்குப் பால் ஊற்றும் பீகார் நண்பரைக் கண்டு கதவைத் தாழிட்டோம். அவர் வாசலில் நின்று விழித்ததை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கிறது. ஆபத்து எதுவும் வரவில்லை.

அன்று மாலை, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, அது யார் குரல்? எந்த ஊரைச் சொல்கிறது? என்றைக்குப் பேசியது?" மூன்று கேள்விக்கும் என்னிடம் விடையில்லை.

அன்பர்களே! எங்கள் சரக்கு அலுவலகத்தில் ஒரு மூட்டையை ஏற்க வேண்டுமானால், அனுப்புபவர் ஃபார்வர்டிங் நோட் எழுதித் தரவேண்டும். அனுப்புபவர் யார், பெறுபவர் யார், உள்ளே இருப்பது என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கோணிப்பைக்கு இத்தனை கேள்வி கேட்கும் நான், மக்களின் அமைதியைக் குலைக்கும் செய்தியை ஒரு கேள்வியும் கேளாமல் ஃபார்வர்டு செய்தேனே என்று வருந்தினேன். அவ்வருத்தத்தில் பிறந்ததே நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடக்கும் செய்தி வாசிப்பு.

அங்கே என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன். ஒரே நிகழ்ச்சியைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வாசிக்கிறோம். மும்மொழி அறிதல் வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வாய்த்த பேறு. தலைப்பில் எந்தச் சொல் மாறியிருக்கிறது, யாருடைய கூற்று வந்திருக்கிறது, யாரைக் கேட்கவே இல்லை என்று அவர்கள் கோடிட்டுக் காட்டுகின்றனர். செய்தியைப் போலவே அச்சிட்டிருக்கும் பக்கத்தின் மூலையில், "விளம்பரம்" என்ற சிறு எழுத்தையும் தேடிக் கண்டுபிடிக்கின்றனர்.

தமிழ் இலக்கணமும் இங்கே துணைக்கு வருகிறது. நம் பாட்டிமார் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது "அடித்தார்களாம்" என்பர். "நான் கண்டதில்லை, கேட்டதே" என்னும் நேர்மை அந்த "ஆம்" என்ற ஓரசையில் அடங்கியிருக்கிறது. கைமாறிக் கைமாறி வரும்போது அந்த "ஆம்" உதிர்ந்துவிடுகிறது. "அடித்தார்கள்" என்பதே எஞ்சுகிறது. "கூறப்படுகிறது" என்று ஒரு வாக்கியம் முடிந்தால், கூறியவர் யார் என்று கேட்கவேண்டும். இதை ஒரு முறை விளக்கிய பின், பிள்ளைகள் எந்தச் செய்தியிலும் உதிர்ந்த "ஆம்" எங்கே என்று தேடுகின்றனர்.

படங்களையும் வாசிக்கிறோம். 2023 ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவில் பாஹாநகா பஜார் நிலையத்தருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 280க்கு மேற்பட்டோர் மாண்டனர். தண்டவாளத்தருகே இருந்த வெண்ணிறக் கட்டடத்தை அம்புக்குறியிட்டு, அது மசூதி என்று சொல்லி, விபத்துக்கு மதச்சாயம் பூசினர் சிலர். உண்மையில் அது இஸ்கான் கோயில். ஒடிசாக் காவல்துறை இத்தகைய வதந்திகளை எச்சரித்தது. சிக்னல் பணியில் நேர்ந்த தவறே காரணம் என்று பின்னர் விசாரணை காட்டியது. படம் பொய் சொல்லவில்லை; அதன்மேல் எழுதிய வாசகமே பொய் சொன்னது. அத்தகைய படத்தைக் கூகுள் படத்தேடலில் இட்டு, முன்பு எங்கே வந்தது என்று பார்க்க எனக்குக் கற்பித்தவர்கள் நம் பிள்ளைகளே.

இது விளையாட்டான கல்வியன்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். வதந்தி நம் தாய்நாட்டிலும் உயிர் குடித்திருக்கிறது. பீகாரைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை.

கேரளம் இதில் வழிகாட்டியிருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசியைப் பற்றி வதந்தி பரவியதைக் கண்ட கண்ணூர் மாவட்ட நிர்வாகம், 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் இத்தகைய வகுப்புகளை நடத்தியது. அரசின் பெருந்திட்டத்துக்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மேசை, மூன்று பத்திரிகை, ஒரு கைப்பேசி, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை "இதை யார் சொன்னது அப்பா?" என்று கேட்டால், அதை எதிர்த்துப் பேசுவதாகக் கொள்ளாதீர்கள். திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தை மனப்பாடம் செய்விக்கும் நாம், அது வாழ்வில் நடக்கும்போது முகஞ்சுளிக்கலாமா?

பால்கார நண்பரிடம் பின்னொரு நாள் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதே நாட்களில் தம் வீட்டாரும் திருப்பூரில் வேலை செய்யும் தம்பியை எண்ணி இரவெல்லாம் உறங்கவில்லை என்றார். இரண்டு வீட்டிலும் ஒரே பொய்தான் விளக்கை அணைய விடாமல் வைத்திருந்தது. அப்பொய்யைக் கேள்வி கேட்கும் பிள்ளைகளை வளர்ப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!