கண்ணாடிச் சூளையும் மின்சாரக் கணக்கும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திற்கு வருவோர் அருவிநீரில் குளித்துவிட்டு வீசியெறிந்து செல்லும் கண்ணாடிப் புட்டிகள் எத்துணை என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். தென்காசியில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி அப்புட்டிகளைக் கழுவி, சிறிய மின்சூளையில் இளக்கித் தட்டையாக்கி, பழத்தட்டுகளாகச் செய்து விற்றுவருகிறாள். சென்ற ஆண்டுச் சாரலின்போது அவள் மின்கட்டணச் சீட்டையும் உடைந்த இரண்டு தட்டுகளையும் ஒருசேர என் முன்னே வைத்தாள். வாங்கிச் சென்றவர் வீட்டில், எவர் கையும் படாமல், மேசைமேல் இருந்தபடியே அத்தட்டுகள் பிளந்துவிட்டனவாம். கட்டணத்திற்கும் உடைப்பிற்கும் உள்ள உறவே இன்று யான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது.

ஒரு கிலோ கண்ணாடியைச் சுமார் 800 பாகை வெப்பத்திற்குக் கொண்டுவர ஏறத்தாழக் கால் யூனிட் மின்சாரம் போதும். அவள் ஒருமுறைக்கு வைப்பதோ இரண்டு கிலோ. அதற்கு அரை யூனிட்டிற்கும் குறைவாகவே தேவைப்படும். ஆயினும் மீட்டரைப் பார்த்தபோது ஒரு சூளைக்குப் பதினொரு யூனிட் ஓடியிருந்தது. எஞ்சிய பத்தரை யூனிட் எங்கே போயிற்று?

பெரும்பகுதியைச் சூளையே விழுங்கிவிட்டது. பழைய முறையில், கனமான தீச்செங்கல்லால் கட்டிய சூளை அது. நாற்பது கிலோ செங்கல்லைச் சராசரியாக 400 பாகைக்குச் சூடேற்ற நான்கு யூனிட் வேண்டும். கண்ணாடியைத் தாங்கும் சுட்டமண் பலகை ஆறு கிலோ. அதற்கு ஒரு யூனிட்டிற்குச் சற்று மேல். எஞ்சியது சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வெளியேறியது. குழம்பு வைப்பதற்காக அடுப்புக் கல்லைச் சுடவைப்பவர் உண்டா? நாம் செய்வது அதுவே!

நம் ஊருக்கே உரிய செலவொன்றும் இருக்கிறது. சாரல் காலத்தில் காற்றே ஈரம். உப்பு டப்பாவில் உப்பு நீராகிவிடுகிறது. அக்காலத்தில் தரையில் திறந்து கிடக்கும் செங்கல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரைச் சுடவைத்து ஆவியாக்க ஏறக்குறைய முக்கால் யூனிட் செலவாகும். கண்ணாடியைச் சுடும் செலவைவிட, சாரலைச் சுடும் செலவு மிகுதியாகிவிடுகிறது! சூளையைத் தரையினின்று உயர்த்தி வைத்து, வேலையில்லாதபோது மூடிவைப்பதற்குப் பணம் ஒன்றும் வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் விட்டுவிட்டுச் சுடுவதைக் காட்டிலும், அடுத்தடுத்து மூன்று நாள் சுட்டால், முந்திய நாளின் மிச்சச் சூடும் உதவிக்கு வரும்.

இம்மாணவி மேற்கொண்ட சிக்கனமோ வேறு. கண்ணாடி இளகியதும் மின்சாரத்தை நிறுத்தி, கதவைச் சற்றே திறந்து, விரைவில் ஆறவிட்டாள். "ஆறும்போது எதற்கு ஐயா மின்சாரம்?" என்பது அவள் கேள்வி. கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் கண்ணாடியின் மேற்பரப்பு முதலில் ஆறி இறுகுகிறது. உட்பகுதி பின்னர் ஆறிச் சுருங்க முயல்கிறது. இறுகிய மேற்புறம் அதற்கு இடங்கொடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே உறைந்துவிடுகிறது. என்றோ ஒருநாள் தட்டு தானே பிளக்கிறது. புட்டிக் கண்ணாடியைச் சுமார் 540 பாகையில் ஒரு மணிநேரம் நிறுத்தி, பிறகு படிப்படியாகக் குளிர்விக்க வேண்டும். தடிப்பு இரட்டித்தால் இந்நேரம் ஏறத்தாழ நான்மடங்காகும். இந்த ஆற்றுதலுக்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சிறிது. வெப்பத்தைக் காக்கும் சூளையில் கம்பிச்சுருள் இடையிடையே மட்டுமே எரியும். அவள் மிச்சப்படுத்தியது ஒரு யூனிட்கூட இராது, இழந்ததோ வாடிக்கைக்காரரை.

பெரிய உலைகளின் கதையும் இதுவே. வளையலுக்குப் பேர்பெற்ற பிரோசாபாத்தில் கண்ணாடி உலைகள் நெடுங்காலம் நிலக்கரியால் எரிந்தன. தாஜ்மகாலைக் காக்கும் பொருட்டு 1996 டிசம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அவை இயற்கை எரிவாயுவுக்கு மாற நேர்ந்தது. அடுப்பை மாற்றியதனால் மட்டும் சிக்கனம் வந்துவிடவில்லை. டெரி என்னும் ஆற்றல் ஆய்வு நிறுவனம், ஸ்விட்சர்லாந்து அரசின் துணையோடு, புகைபோக்கி வழியே வீணாகும் சூட்டைக்கொண்டே எரிவதற்கான காற்றை முன்கூட்டிச் சூடாக்கும் உலையை அங்கே அமைத்துக் காட்டியது. நம் மின்சூளைக்குப் புகைபோக்கி இல்லை, கதவிடுக்குதான் புகைபோக்கி.

ஆகவே அவளிடம் சொன்னேன்: உட்சுவரை எடை குறைந்த, நுண்துளைகள் நிறைந்த இன்சுலேஷன் செங்கல்லால் மாற்று, வெளிப்புறத்தில் செராமிக் இழைக் கம்பளியைச் சுற்று. அந்த இழைத்தூசி நுரையீரலுக்கு ஆகாது. மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் மூடாமல் அதைத் தொடாதே. கனத்த பலகைக்குப் பதில் மெல்லிய பலகை வை. ஒரு தட்டுக்காகச் சூளை மூட்டாதே. பலகை நிறையும் வரை காத்திரு. இளகிவிட்டதா என்று பார்க்க அடிக்கடி கதவைத் திறக்காதே.

செங்கல் மாற்றுவதற்குச் செலவு உண்டு என்று தயங்கினாள், தயக்கம் இயல்பே. முதலில் ஈரத்தையும் இடுக்கையும் கவனித்தாள், அடுக்கை நிரப்பினாள். செங்கல்லைப் பொங்கலுக்குப் பின் மாற்றினாள். இப்போது ஒரு சூளைக்கு ஆறு யூனிட்டிற்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. தட்டுகளோ முன்னைவிட இருமடங்கு. ஆற்றும் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் அவள் குறைக்கவில்லை.

விற்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. பள்ளி ஆய்வுக்கூடங்களில் கிடைக்கும் போலராய்டு தகடுகள் இரண்டை, ஒளி மறையும்படி குறுக்காக வைத்து, இடையே தட்டைப் பிடித்து விளக்கை நோக்க வேண்டும். நன்கு ஆறிய கண்ணாடி இருண்டே தோன்றும். உள்ளே இழுபறி உள்ள இடத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். அத்தகைய தட்டை மறுபடியும் சூளையில் வைத்து 540 பாகைக்குச் சூடேற்றி மெல்ல ஆற்றினால் போதும். இரண்டாம் முறை உருக்க வேண்டியதில்லை.