மூணு நாட்டு எல்லையில ஒரு ஃபோன் கால்

போன எபிசோட்ல ஜெர்மனி ஸ்டூடண்ட் விசா பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்விதான் அனுப்பியிருந்தீங்க: "அண்ணா, படிக்கும்போதே ஊர் சுத்திப் பார்க்க முடியுமா?" முடியும். நான் நிறையவே சுத்தியிருக்கேன். ஆனா ஏன் சுத்தினேன்ங்கிறதையும் இன்னைக்குச் சொல்லிடறேன்.

நான் இருக்கிறது ஆஹன்ல. ஜெர்மனியோட மேற்கு ஓரம். செமஸ்டர் ஃபீஸ் கட்டினா அதோட பயண டிக்கெட்டும் வந்துடும். ஜெர்மனி முழுக்க பஸ், டிராம், ரீஜனல் ரயில் எதுல வேணும்னாலும் போகலாம், ஐ.சி.இ மாதிரி வேக ரயில்ல மட்டும் ஏறக்கூடாது. பிளாக்டு அக்கவுண்ட்ல இருந்து மாசம் 992 யூரோ வரும். வாடகையும் இன்சூரன்ஸும் போக மிச்சத்தை எண்ணி எண்ணித்தான் செலவு பண்ணணும். காலி பிளாஸ்டிக் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். அதைக்கூட விட மாட்டேன். ஊர் சுத்தப் போனா கையில டப்பாவுல தயிர் சாதம்.

ஆஹன்லயே பார்க்க இருக்கு. சார்லமேன் கட்டின கதீட்ரல், 1978ல யுனெஸ்கோ அறிவிச்ச முதல் 12 இடங்கள்ல ஒண்ணு. பக்கத்துலயே எலிசன்ப்ரன்னன்னு ஒரு வெந்நீர் ஊற்று. கந்தகத் தண்ணி, அழுகின முட்டை நாத்தம். யார் வந்தாலும் முதல்ல அங்க கூட்டிட்டுப் போய் மோந்து பார்க்கச் சொல்லுவேன்.

அப்புறம் கொலோன். ரயில்ல ஒரு மணி நேரம். அங்க இருக்கிற கதீட்ரலை 1248ல ஆரம்பிச்சு 1880லதான் முடிச்சாங்க. 632 வருஷ அரியர்! 533 படி ஏறி, மேல நின்னு சிரிச்சு ஒரு செல்ஃபி எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அம்மா அதைச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க.

அது ஜனவரி மாசம், செவ்வாய்க்கிழமை. எனக்கு அன்னைக்கு கிளாஸ் இருந்துச்சு.

கிளாஸ்ல ஒண்ணும் புரியல. காலைல எட்டரைக்குத்தான் விடியும், சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும். ரூம்ல உட்கார்ந்தா பயமா இருக்கும். டிக்கெட் கையில இருக்கே, ரயில் ஏறிடுவேன். பார்க்கிறவங்களுக்கு டூர். எனக்குத் தப்பிச்சு ஓடுறது.

ஃபிப்ரவரியில ஒரு பேப்பர் போச்சு. மார்ச்ல திரும்ப எழுதினேன், அதுவும் போச்சு. நம்ம ஊர்ல அரியர்னா அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்னு இருப்போம். இங்க என் கோர்ஸ்ல ஒரு பேப்பருக்கு மூணே தடவைதான். மூணாவதும் போனா கோர்ஸை விட்டே வெளிய. விசாவும் அந்தப் படிப்பை நம்பித்தான் இருக்கு. வீட்ல எஜுகேஷன் லோன் வேற.

ஏப்ரல்ல ஒருநாள் ஃபால்ஸ் போனேன். ஆஹன்ல பஸ் ஏறினா வர்ற நெதர்லாந்து ஊர். அங்கிருந்து குன்று மேல நடந்தா ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூணும் சேர்ற இடம். நடுவுல ஒரு சின்னக் கல். அதைச் சுத்தி நாலு எட்டு வெச்சா மூணு நாட்டுக்கும் போயிட்டு வந்துடலாம். குடும்பம் குடும்பமா ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. நானும் ஃபோனை எடுத்தேன். செல்ஃபி எடுக்கல, அப்பாவுக்கு கால் பண்ணேன். எல்லாத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்த கோயில் ஃபோட்டோ வந்தப்பவே, செவ்வாய்க்கிழமை கிளாஸ் இல்லையாடான்னு கேட்கணும்னு நெனச்சேன். உங்கம்மா சந்தோஷமா இருந்தா, விட்டுட்டேன்"னார். அடுத்து, "மூணாவது எப்போ?" அவ்வளவுதான். திட்டியிருந்தா பரவால்லன்னு தோணுச்சு.

மறுநாளே கிளாஸ்ல ரெண்டு பேர்கிட்ட போய், எனக்குப் புரியல, சேர்ந்து படிக்கலாமான்னு கேட்டேன். ஒருத்தன் சிரிச்சுட்டு, தனக்கும் அது ரெண்டாவது தடவைன்னான். இப்பவும் சுத்துறேன், ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னைக்கு எப்படியும் கடையெல்லாம் மூடியிருக்கும்.

ஆகஸ்ட்ல மூணாவது தடவை எழுதிட்டேன். ரிசல்ட் இன்னும் வரல. வந்ததும் சொல்றேன், எதுவா இருந்தாலும். அப்பாவுக்கு அப்புறம்தான் உங்களுக்கு.