பிழை எது, செய்தி எது?

(வீட்டில் அமைக்கும் நிலநடுக்கமானி குறித்து, வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பொறுமைக்கு நிலத்தை உவமையாக்கியது தமிழ் மரபு. வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தைத் தொடங்குவதே அவ்வுவமையோடுதான். எதையும் தாங்கும், எதற்கும் அசையாது என்னும் நம்பிக்கையில்தான் நிலத்தின்மேல் வீடும் கோயிலும் எழுந்தன. அந்த நிலம் ஒரு நொடியேனும் அசையாதிருப்பதில்லை என்பதை, வீட்டின் பின்கட்டில் வைத்த ஒரு மரப்பெட்டி காட்டிவிடக்கூடும். இலக்கிய வட்டத்தில் அப்பெட்டிக்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். அதை அமைப்பவர் நாள்தோறும் எதிர்கொள்வது, ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்த பதிப்பாசிரியர் எதிர்கொண்ட அதே சிக்கல்தான். கண்முன் உள்ள கோட்டில் ஒரு நெளிவு இருக்கிறது. அது எழுதிய கையின் பிழையா, மூலத்தின் செய்தியா?

முதலில் கருவியைப் பார்ப்போம். நிலம் அசைவதை அளக்க, நிலத்தோடு சேர்ந்து அசையாத பொருள் ஒன்று வேண்டும். தொங்கும் எடை அத்தகையது. தாங்கும் சட்டம் சட்டென்று நகர்ந்தாலும் எடை சிறிது நேரம் இருந்த இடத்திலேயே இருக்க முயலும். ஆனால் தொலைவில் நிகழும் பெருநடுக்கங்களின் மேற்பரப்பு அலைகள் 20 நொடிக்கு ஒருமுறை வந்து போகும் அளவுக்கு மெதுவானவை. எடையின் சொந்த ஆட்டமும் ஏறத்தாழ அவ்வளவு மெதுவாக இருந்தாலொழிய, அது நிலத்தோடு சேர்ந்தே நகர்ந்துவிடும், எதுவும் பதிவாகாது. சாதாரண ஊசல் ஒன்று 20 நொடியில் ஒருமுறை ஆட வேண்டுமாயின் அதன் கயிறு ஏறத்தாழ 100 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டாலும் உயரம் போதாது.

இதற்குக் கண்ட வழி கதவு. பழைய வீடுகளில் நிலை சற்றுச் சாய்ந்திருந்தால் கதவு தானே மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் போய் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். சாய்வு குறையக் குறைய அந்த நகர்வும் மெதுவாகும். அக்கதவைப் போல, நிமிர்ந்த தூண் ஒன்றில் கிடைமட்டமாக ஒரு தண்டை முனையூன்றி நிறுத்தி, தூணின் உச்சியிலிருந்து வரும் கம்பியால் அதைத் தாங்கி, தண்டின் மறுகோடியருகே இரண்டு மூன்று கிலோ ஈயத்தை ஏற்றினால் கிடைமட்ட ஊசல் கிடைக்கிறது. முக்கால் மீட்டர் தண்டே போதும். தூணின் சாய்வு அரைப் பாகைக்கும் குறைவாக இருந்தால், நூறு மீட்டர்க் கயிற்றின் வேலையை அது செய்துவிடும்.

இவ்வூசலின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் நினைவுகூரலாம். செருமானிய அறிஞர் எர்ன்சுட் ஃபொன் ரெபியூர் பாசுவிட்சு, தூக்குநூலின் நுண்ணிய விலகல்களை அளப்பதற்காக இத்தகைய ஊசல்களைப் போட்சுடாமிலும் வில்லெம்சாஃபனிலும் நிறுவியிருந்தார். 1889 ஏப்பிரல் 17 அன்று இரண்டு ஊர்களின் பதிவுகளிலும் ஒரு கலக்கம் தென்பட்டது. அதனைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் தேடியது அதுவன்று. பின்னர் 'நேச்சர்' இதழில் சப்பானில் அதே நாளில் நிகழ்ந்த நடுக்கத்தைப் பற்றிய செய்தியைக் கண்டு, காலத்தை ஒப்பிட்டு, தம் கருவிகள் உலகின் மறுபுறத்து நடுக்கத்தைப் பதிந்திருக்கின்றன என்று துணிந்தார். தொலைநடுக்கம் ஒன்று கருவியில் பதிவாகி அறியப்பட்டது அதுவே முதன்முறை. ஓரூர்ப் பதிவு மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு உறுதியோடு துணிந்திருக்க முடியுமா என்பது ஐயமே. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1887 இல், சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் ஒரே சுவடியை நம்பிவிடவில்லை. பல படிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ரெபியூர் பாசுவிட்சு 1895 இல், முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார்.

இக்கருவியை இல்லங்களுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நாட்டு வர்சீனியாவில் சேம்சு மாடிசன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் சேம்சு லேமன். அவர் வகுத்த அமைப்பை, 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் 1979 சூலை இதழில், தன்னார்வ அறிவியலாளர்க்கான பகுதியில், செர்ல் வாக்கர் விளக்கி எழுதினார். (1936 இல் புவியின் உட்கருவைக் கண்டறிந்த டென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கெ லேமன் வேறொருவர், பெயரொப்புமை மயங்கவைக்கும்.) தண்டின் நுனியில் ஒரு கம்பிச்சுருள், அதைச் சூழ அடிப்பலகையில் பதித்த காந்தம். நிலம் அசைந்தால் சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே நகர்வு ஏற்பட்டு மிகச் சிறு மின்னோட்டம் பிறக்கும். மின்பெருக்கி அதைப் பல்லாயிர மடங்கு பெருக்கும். அன்று அது காகித உருளையில் மைக்கோடாயிற்று. இன்று கணிப்பொறித் திரையில் ஓடுகிறது. ஓர் ஓய்வு நாளில் அமைத்துவிடக்கூடிய எளிய பொருள். அதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும்.

முதற் சிக்கல் அதன் சிறப்பிலேயே பிறக்கிறது. அலைவு நேரத்தை இரு மடங்காக்க வேண்டுமாயின் தூணின் சாய்வை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். சாய்வு குறைந்த அளவுக்குக் கருவி பக்கவாட்டுச் சாய்வுக்கு நொய்ம்மையாகிவிடும். 20 நொடியில் ஆடும் ஊசலின் ஒரு மீட்டர் அகல அடிப்பலகையை ஒரு பக்கம் ஒரு தாளின் கனம் உயர்த்தினால், தண்டின் நுனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலகிவிடும். இன்னும் குறைத்தால் ஊசல் திரும்பாது. ஒரு புறமாகப் போய்ச் சாய்ந்து நின்றுவிடும். புதியவர் செய்யும் தவறு, முதல் நாளே 20 நொடியை நாடுவது. 10 நொடியில் தொடங்கி, ரசமட்டத்தை நம்பாமல் ஊசலையே மட்டமாகக் கொண்டு, மட்டத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின் ஒரு நாள் விட்டுவைப்பதே முறை. கருவியின் அருகே ஒருவர் வந்து நின்றால் சிமெண்டுத் தரை வளைந்து தண்டு நகரும். ஆதலால் சரிசெய்பவர் திருகைத் திருப்பிவிட்டு அறையை விட்டு வெளியேறிய பின்னரே தாம் செய்தது சரியா என்று அறிய இயலும்.

அடுத்தது, நாள்தோறும் ஒரே நேரத்தில் கோடு ஒரு புறமாக விலகுவது. நடுக்கத்துக்கு நாளும் பொழுதும் கிடையாது. சுவரில் வெயில் படும் வேளையோடு விலகல் ஒத்திருந்தால் காரணம் வெப்பமே. காற்று இதனினும் நுட்பமான பகை. மின்விசிறியை நிறுத்தினால் போதும் என்று எண்ணுவோர் உளர். பெட்டியால் மூடிய பின்னரும், அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளேயே காற்று சுழன்று, தண்டை ஒழுங்கற்று அசைக்கும். தெர்மாக்கோல் உறையிட்டு இடுக்குகளை ஒட்டி அடைக்க வேண்டும். அடைத்த பின்னும் கோடு மெல்ல வளைந்து வளைந்து சென்றால், உள்ளே ஒரு சிலந்தி தண்டிலிருந்து காந்தம் வரை நூல் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நலம். வேடிக்கைக்குச் சொல்வதன்று, ஈயத்தைத் தாங்கும் எஃகுக் கம்பியை விட்டுவிட்டு அந்த ஒற்றை இழை ஊசலை ஆளத் தொடங்கிவிடும்.

முனையூன்றும் இடத்தில் உராய்வு இருந்தால் அதன் அடையாளம் வேறு. கோடு வளையாது, படிக்கட்டு ஏறுவதுபோல் திடீரென ஒரு தாவல், பின் ஓய்வு, மீண்டும் தாவல். தணிப்பானைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் மெல்லத் தள்ளி, ஆட்டம் சீராகச் சிறுத்துக்கொண்டே போகிறதா, இடையில் சட்டென நின்றுவிடுகிறதா என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். துருவேறிய ஆணிமுனையை நீக்கி, மிதிவண்டி அச்சில் இடும் எஃகுக் குண்டொன்றைக் கடினமான வழுவழுப்பான தகட்டின்மேல் ஊன்றச் செய்தால் பெரும்பாலும் தீரும். ஊசல் இடப்புறம் ஒருவாறும் வலப்புறம் வேறொருவாறும் ஆடினால், காந்தத்தருகே எங்கோ ஓர் இரும்புத் திருகு ஒளிந்திருக்கிறது என்று பொருள். பித்தளைத் திருகை மாற்றிவிட்டு மேலே செல்லலாம். மின்னிணைப்பின் இரைச்சலும், குளிர்பதனப்பெட்டி உயிர்த்தெழும்போது தோன்றும் கூர்முனையும் எளிதில் அறியப்படுவன.

தணிப்பைப் பற்றிச் சற்று நின்று கூற வேண்டும். சப்பானில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஆங்கிலேயர் சான் மில்ன், 1895 இல் நாடு திரும்பி, வைட்டுத் தீவில் சைடு என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தையே ஆய்வகமாக்கி, தம் கருவிகளை உலகெங்கும் நிறுவச் செய்தார். 1897 சூன் 12 அன்று நிகழ்ந்த அசாம் பெருநடுக்கத்தின் பின், அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் இந்தியாவில் நிலநடுக்கப் பதிவு தொடங்கிய இடங்களுள் நம் கொடைக்கானலும் ஒன்று. அங்கும் மில்ன் கருவியே இருந்தது. அத்தகைய பேரறிஞர் வகுத்த கருவியில் ஒரு பெருங்குறை உண்டு. ஊசலுக்குத் தணிப்பு இல்லை. நிலம் ஓய்ந்த பின்னும் ஊசல் தன் போக்கில் ஆடிக்கொண்டே இருந்தது. கோட்டில் நிலத்தின் பங்கு எது, ஊசலின் பங்கு எது என்று பிரித்தறிவது அரிதாயிற்று. தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும் மணியைக் கொண்டு, தட்டியவன் எத்தனை முறை தட்டினான் என்று சொல்லிவிட முடியுமா? தன் குரலைத் தானே கேட்டு மகிழும் கவிதைக்கும் இதே குறை உண்டு என்று கூறினால் அவையோர் பொறுத்தருள்வர். வீட்டுக் கருவியில் தண்டிலிருந்து ஒரு துடுப்பைத் தொங்கவிட்டு என்ஜின் எண்ணெயில் அமிழ்த்துவது வழக்கம். எண்ணெய் குளிர்ந்தால் தடிக்கும் என்பதால் செப்புத் தகட்டைக் காந்தங்களுக்கிடையே நகரவிடுவது இன்னும் நன்று. தள்ளிவிட்ட தண்டு நடுவிடத்தை ஒரு முறை சிறிது கடந்து, திரும்பி வந்து நின்றுவிட வேண்டும். கடக்காமலே வந்து நின்றால் தணிப்பு மிகுதி. அக்கருவி மெல்லிய செய்தியை விழுங்கிவிடும்.

இவ்வளவும் தீர்ந்த பின் ஒரு நெளிவு எஞ்சும். ஏறத்தாழ ஆறு நொடிக்கு ஒன்றாக, பகலும் இரவும் ஓயாமல், சில நாள் பெருத்தும் சில நாள் சிறுத்தும் வந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் உழைத்தவர் இதனைக் கண்டு மனமுடைவதுண்டு. பெட்டியை மீண்டும் அடைப்பார், முனையை மாற்றுவார், கம்பியை மாற்றுவார். நெளிவு போகாது. அது பிழையன்று, கடல். ஆழ்கடலில் எதிரெதிரே வரும் பேரலைகள் சந்திக்கையில் கடலடித் தரை அழுத்தப்பெற்று, அவ்வதிர்வு கண்டங்களின் உட்பகுதி வரை நிலத்தினூடே பரவுகிறது. பன்னிரண்டு நொடி அலை ஆறு நொடி அதிர்வைத் தருவது ஏன் என்பதை 1950 இல் லாங்கட் ஹிகின்சு கணக்கிட்டு விளக்கினார். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அறையின் தரையிலும் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. கடற்புயல் எழுந்தால் நெளிவு பெருக்கும். இந்நெளிவு தெரிந்தால்தான் கருவி நலமாக இருக்கிறது என்று பொருள். கோடு வழுவழுப்பாக இருந்தால் எங்கோ ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனைப் பிழையென்று கருதி, தணிப்பைக் கூட்டியும் பெருக்கத்தைக் குறைத்தும் துடைத்துவிட்டவர், அதனோடு தொலைநடுக்கங்களையும் துடைத்துவிடுவார்.

இனி, ஒரு நாள் வரும் பெரிய செய்தியை எவ்வளவு நம்பலாம்? முதலில் வரும் அலைக்கும் அடுத்து வரும் அலைக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால், அண்மை நடுக்கம் ஒன்றின் தொலைவு கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். திசை கிடைக்காது. ஓர் ஊசல் தன் தண்டுக்குக் குறுக்கான அசைவை மட்டுமே அறியும். நடுக்கம் நிகழ்ந்த இடத்தைக் குறிக்க வேற்றூர்க் கருவிகள் இரண்டேனும் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் பிளந்தது. நிலத்தினூடே வரும் முதல் அலை சென்னையை எட்ட நான்கு நிமிடத்திற்குச் சற்று மேலாகும். ஆழிப்பேரலை வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அன்று சென்னையில் ஒரு வீட்டில் இக்கருவி இருந்திருந்தால், பெரிதாக ஏதோ நிகழ்ந்தது என்பதை மட்டும் சொல்லியிருக்கும். தண்டு எல்லையில் முட்டி நின்றிருக்கும், கோடு அறுந்திருக்கும், எவ்வளவு பெரிது என்பதும் அலை வருமா என்பதும் அதில் இராது. பெரிய நிலையங்களின் கருவிகளுக்கே அன்று அது எளிதாக இல்லை. அவாயித் தீவிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் முதலில் 8.0 என்றது, பின்னர் 8.5 என்றது, இறுதியாக அமெரிக்க நிலவியல் துறை 9.1 என்று கணித்தது. பிளவு ஓடி முடியவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தகைய பெருநடுக்கத்தின் முழு அளவு மிக நீண்ட அலைகளில்தான் இருக்கும். முதலில் வந்த குறுகிய அலைகளை மட்டும் கொண்டு கணித்தபோது பெரியது சிறியதாகவே தோன்றிற்று.

அந்நடுக்கத்தால் புவி முழுவதும் ஒரு கோளமாக விரிந்து சுருங்கிற்று. அவ்விரிவும் சுருக்கமும் ஒருமுறை நிகழ இருபது நிமிடத்திற்குச் சற்று மேலாகும். மாதக்கணக்கில் அது ஓயவில்லை என்பதை ஆழ்ந்த நிலவறைகளில் வைத்த நுண்கருவிகள் காட்டின. வீட்டுக் கதவூசலால் அதனை அறிய இயலாது. அதன் இருபது நொடிக்கு அப்பால் போக வேண்டுமென்று மட்டத் திருகை இன்னும் ஒரு நூலிழை திருப்பினால், தண்டு மெல்ல ஒரு புறம் நகர்ந்து, காந்தத்தில் இடித்துக்கொண்டு நின்றுவிடும்.