குடலுக்கும் குருதி வேண்டும்



இதயத்துக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டால் மாரடைப்பு என்பதை நாம் அறிவோம். குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபட்டாலும் அதற்கு நிகரான ஆபத்து நேரும் என்பதைப் பலர் அறியார்.

அதன் அடையாளம் யாது? திடீரெனத் தாங்கொணா வயிற்று வலி தோன்றும். ஆயினும் தொட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் வயிறு மென்மையாகவே இருக்கும். இம்முரண்பாடே எச்சரிக்கை. சீரற்ற இதயத் துடிப்புடைய முதியோர்க்கு, இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து சென்று இவ்வாறு அடைப்பதுண்டு. அவர்கள் உறைவைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. ஊருக்குப் புறப்படுகையிலும் மறத்தலாகாது.

வேறு சிலர்க்கு உண்டபின் வலி வரும், அதற்கு அஞ்சி உணவைக் குறைப்பர், உடல் மெலிவர். புகைப்பழக்கமும் நீரிழிவும் உடையோர் இதனைப் புறக்கணித்தல் கூடாது.

தாராவியாயினும் மாட்டுங்காவாயினும் செம்பூராயினும், நம்மவருள் பலர் வயிற்று வலியை "வாயு" என்று கருதிச் சோடா அருந்திக் காத்திருப்பர். அதற்குள் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். தாராவியை அடுத்தே சயான் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. நாளத்தில் சாயமருந்து ஏற்றி எடுக்கும் ஸி.டி. படம் அடைப்பைக் காட்டிவிடும். ஹெப்பாரின் செலுத்தி, கட்டியை அகற்றி, இறந்துபட்ட குடற்பகுதி இருப்பின் அதனையும் நீக்கி, உயிரைக் காக்க முயல்வர். காலந்தாழ்ந்தால் அவ்வாய்ப்பு அருகிவிடும்.

ஆகவே, அன்பர்களே! பொழுது விடியட்டும் என்றிராமல், நள்ளிரவேயாயினும் நம் மூத்தோரை உடனே அழைத்துச் செல்வோம்!