ஆலம்பாடி மாடு

திருவண்ணாமலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கார்த்திகைத் தீபம். அத்திருவிழாவை ஒட்டி அந்நகரில் மாட்டுச் சந்தை கூடுவதும் நெடுநாள் வழக்கம். அண்ணாமலையாரைத் தொழ வந்த உழவர்கள், ஊர் திரும்பும்போது ஏருக்குச் சோடிக் காளைகளையும் பிடித்துச் செல்வார்கள்.

அவ்வட்டாரத்துக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. நகருக்கு மேற்கே செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் பல உள்ளன. ஆநிரையைக் கவரவும் மீட்கவும் போரிட்டு மாண்ட வீரர்களின் நினைவாக நடப்பெற்றவை அவை. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து அக்கல், வீரனோடு அவனுடைய நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்த செய்தியையும் கூறுகிறது. மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. அப்பொருளின் ஆழத்தை நான் உணர்ந்தது இக்கற்களின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

செங்கத்திலிருந்து மேலும் மேற்கே சென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பகுதிகளை அடைகிறோம். ஆலம்பாடி மாடுகள் அங்கு வாழ்பவை. ஒகேனக்கல்லை அடுத்துக் காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடி என்னும் ஊரே இவற்றுக்குப் பெயர் தந்தது. அவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. இவ்வினம் மைசூர்ப் பகுதியின் ஹள்ளிகார் இனத்துக்கு நெருங்கிய உறவுடையது.

இதன் அடையாளங்கள் யாவை? காளைகள் கருமையை நெருங்கிய சாம்பல் நிறமுடையவை. நெற்றி முன்புடைத்து, நடுவே பள்ளம் ஓடியிருக்கும். கொம்புகள் அடியில் நெருங்கித் தோன்றிப் பின்னோக்கி வளைந்து மேலெழும். குளம்புகள் மிக உறுதியானவை. கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில் ஏர் உழவும், பாரவண்டி இழுக்கவும், கிணற்றில் கவலை இறைக்கவும் இவை சலிக்காமல் உழைத்தன.

இந்த வன்மை எங்கிருந்து வந்தது? காட்டுக்குள் பட்டி அமைத்து மேய்க்கப்பட்ட மாடுகள் இவை. கோடையில் காய்ந்த புல்லையும் தழையையும் தின்று தாங்கியவையே பிழைத்தன. பிழைத்தவற்றுள்ளும் நடையும் வலுவும் உடையவற்றையே உழவர் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டனர். இயற்கை ஒரு முறை சலித்தது. உழவர் மறுமுறை சலித்தனர். பல தலைமுறைகள் சலித்ததன் பயனே இவ்வினம்.

ஆயினும், கள்வர் எவரும் வாராமலே இச்செல்வம் இன்று குறைந்து வருகிறது. ஏரின் இடத்தை டிராக்டரும், கவலையின் இடத்தை மின்சாரப் பம்பும் பிடித்தன. மேய்ச்சற் காடுகள் சுருங்கின. பால் வேண்டி ஜெர்சி முதலிய அயல் இனங்களின் கலப்புப் பசுக்களை மக்கள் நாடினர். ஆலம்பாடிப் பசு கன்றுக்குப் போக மிகுதியாகக் கறப்பதில்லை என்பது உண்மையே. பாலுக்காக உழைக்கும் குடும்பம் கலப்பினத்தை விரும்புவதை நாம் குறைகூற இயலாது.

ஆனால் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் பண்பு ஒரே நாளில் உண்டாக்கக் கூடியதன்று. கோடை கடுமையாகிவரும் இக்காலத்தில் அப்பண்பின் மதிப்பு உயர்கிறதேயன்றிக் குறையவில்லை. ஓர் இனம் அற்றுப்போனால் எந்த ஆய்வுக்கூடமும் அதனை அவ்வாறே மீண்டும் படைத்துத் தர இயலாது. இதனை உணர்ந்தே தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் ஆலம்பாடி மாட்டினத்துக்கென ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டுள்ளது.

ஆராய்ச்சி மையம் மட்டும் ஓர் இனத்தைக் காத்துவிட முடியாது. அதனை வளர்ப்பவருக்கு வருவாயும், மேய்க்க நிலமும், வாங்கச் சந்தையும் வேண்டும். மாணவர்களே, உங்கள் ஊரில் எந்த மாட்டினம் இருந்தது, இன்று எத்தனை எஞ்சியுள்ளன என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். காப்பதற்கு முதற்படி, கைப்பொருள் இன்னதென்று அறிவதே ஆகும்.