அருங்காட்சிச் சோலைக்கு ஒரு பயணம்

இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்த ஊர் பனச்சமூடு. அங்கிருந்தும், அண்டையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்தும் நாள்தோறும் பலர் திருவனந்தபுரம் செல்கின்றனர். சென்ற காரியம் முடிந்ததும், எஞ்சிய ஒரு மணி நேரத்தில் குழந்தைகளை அருங்காட்சியகப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வோரும் உண்டு. பிள்ளைகள் புலியைக் காண்கிறார்கள், கடலை கொறிக்கிறார்கள், பேருந்து ஏறுகிறார்கள். பூங்காவின் நடுவே ஓங்கி நிற்கும் கட்டிடம் நம் வட்டாரத் தச்சர்களின் அறிவுக்குச் சான்று என்பதை அறியாமலே திரும்புவது இழப்பல்லவா?

ஆதலின், இப்பயணத்தை இரு நாட்களாகப் பிரித்துக்கொள்வது நன்று. முதல் நாள் மார்த்தாண்டம் வழியே தக்கலை சென்று, பத்மநாபபுரம் அரண்மனையைக் காணுங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது அவ்வூர். 1956 நவம்பர் 1 முதல் அது தமிழகத்தின் எல்லைக்குள் இருப்பினும், அரண்மனையைப் பேணி வருவது கேரள அரசே. சரிந்திறங்கும் ஓட்டுக் கூரையையும், அதன் முக்கோண முகப்பையும், காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் மரச் சட்டங்களையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள். பெருமழைக்கும் புழுக்கத்துக்கும் தச்சர் கண்ட விடை அது.

மற்றொரு நாள் திருவனந்தபுரம் செல்லுங்கள். 1857இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் பழைய கட்டிடத்துக்குப் பதிலாக, 1880இல் நிறைவுற்றது இன்றைய மாளிகை. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் தாங்கியது. இதை வரைந்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் அவர் படைப்பே. மேனாட்டுக் கட்டிடம் ஒன்றைப் பெயர்த்து இங்கே நட்டுவிடாமல், மலைநாட்டுக் கூரையையும் மரவேலையையும் வண்ணச் செங்கற் சுவர்களோடு அவர் இணைத்தார். இயந்திர உதவியின்றியே உள்ளே காற்று உலவுமாறு அமைத்தார்.

காலையிலேயே சென்று, முதலில் கட்டிடத்தை வெளியே ஒரு முறை சுற்றி வாருங்கள். பின்னர் உள்ளே செப்புத் திருமேனிகளையும் தந்தச் சிற்பங்களையும் காணலாம். அடுத்து, 1935இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்திரா ஓவியக் கூடத்தைக் காணலாம். விலங்குக் காட்சிச்சாலையை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் அங்கே நுழைந்தால் பிள்ளைகளின் கால் ஓய்ந்துவிடும். திங்கட்கிழமை அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. பிற நாட்களின் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

அம்முகப்பைக் கண்டு, “இது அரண்மனைக் கூரை போலவே இருக்கிறதே!” என்று ஒரு குழந்தை தானாகவே சொல்லுமாயின், பயணச் செலவு வீணாகவில்லை என்று கொள்ளுங்கள்.