பாவ அறிக்கையும் வராத கூலியும்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். கொஞ்சம் கவிதை எழுதுகிறேன். கிறித்தவ ஜெபத்தில் பாவ அறிக்கைக்கு என்ன இடம் என்று பேசச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்க ஆயாதான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஆயா பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும். எனக்கு எட்டு வயசு. புது நன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். சாமியார்கிட்ட என்ன சொல்வது என்று தெரியாமல் ஆயாவிடம் கேட்டேன், 'நீ என்னா பாவம் ஆயா சொன்ன?' ஆயா சொல்லுச்சு: 'ஆண்டய மனசுக்குள்ள திட்டிட்டம்பா.'

அறுப்பறுத்த பத்து நாள் கூலியை அந்த ஆண்டை தரவில்லை. அதற்குத்தான் ஆயா திட்டியது. பரிகாரமாக ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஆயா மணி உருட்டியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஆண்டையும் கிறித்தவர்தான். அதே கோயிலில், அதே கூண்டில் மண்டி போட்டவர்தான். அவர் என்ன அறிக்கையிட்டார் என்பது நமக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் குரு யாரிடமும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆனா கூலி வரல. அது சேரிக்கே தெரியும்.

தோழர்களே, திருச்சபையின் சொந்தப் போதனையையே எடுத்துக்கொள்வோம். மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் அதில் உண்டு. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பேரைச் சரிசெய்ய வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. லூக்கா நற்செய்தியில் வரி வசூலிக்கிற சக்கேயு வெறுமனே அழவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியிருந்தால் நாலு மடங்கு என்று கணக்குச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் இயேசு அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார். கடன் வாங்கியவர் மேனேஜர் முன்னால் எவ்வளவு அழுதாலும் லெட்ஜரில் பாக்கி அப்படியேதான் நிற்கும். இது எனக்குத் தினமும் தெரிகிற உண்மை.

இந்த அறிக்கை எப்போதும் கூண்டுக்குள் கிசுகிசுக்கிற காரியமாக இருந்ததில்லை. தொடக்க நூற்றாண்டுகளில் பெரும் பாவம் செய்தவர்கள் சபையார் பார்க்கப் பகிரங்கமாகப் பரிகாரம் செய்தார்கள். பிற்பாடுதான் அது குருவுக்கும் ஒருத்தருக்கும் இடையிலானதாக ஆனது. வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று 1215இல் நாலாம் லாத்தரன் சங்கம் சட்டம் போட்டது. மரக்கூண்டு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். பொய், கோபம், காமம் என்று தனிமனிதக் குற்றங்களைப் பட்டியல் போட அந்தக் கூண்டு வசதியாக இருந்தது. ஊரே சேர்ந்து செய்கிற சாதி என்கிற பாவத்தை அதற்குள் யார் வந்து சொல்வது?

நம் மண்ணில் இன்னொன்றும் நடந்தது. நோயில் கிடந்த பறையர் கிறித்தவர்களின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்க மிஷன் குருக்கள் மறுத்துவந்தார்கள். போனால் மேல்சாதியார் சபையை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயம். அப்படி மறுக்கக் கூடாது என்று போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணை போட்டார். நாற்பது வருஷ இழுபறிக்குப் பிறகு, 1744இல் பதினாலாம் பெனடிக்ட் காலத்தில், பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. சாகப்போகிறவனின் பாவத்தைக் காது கொடுத்துக் கேட்பதற்கும் தனி ஆள்! பாவ மன்னிப்பையும் சேரி, ஊர் என்று பிரித்தது இந்தச் சமூகம்.

திருச்சபையே அறிக்கையிட்ட நாட்களும் உண்டு. 2000 மார்ச் 12இல் இரண்டாம் ஜான் பால் ரோமில் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. நல்லது. அறிக்கை ஆயிற்று. பரிகாரம்? பிரிந்து கிடக்கிற கல்லறைகள் ஒன்றாக வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் வேலை வேண்டும், தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும். இதுதானே நாலு மடங்கு?

பிறரைப் பற்றியே பேசிவிட்டுப் போனால் நியாயமில்லை. பூசையின் தொடக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்கிற பொது அறிக்கையில் நினைவு, சொல், செயல் இவற்றோடு, செய்யத் தவறியதும் பாவமாகச் சேர்கிறது. ஆயா செத்தபோது பெட்டியைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோக விடவில்லை. வயக்காட்டு வரப்பில் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு அப்போதுதான் வங்கி வேலை கிடைத்திருந்தது. போலீஸ் கேஸ் ஆனால் வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. என் தம்பி ஒருத்தன்தான் சத்தம் போட்டான். அடி வாங்கினான். செய்யத் தவறியதை நான் எந்தக் கூண்டிலும் சொன்னதில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்கிறேன். தம்பியிடமும் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பொது அறிக்கையை நாம் கடவுளிடம் மட்டும் சொல்வதில்லை. கூடியிருக்கிற சகோதர சகோதரிகளிடமும் சேர்த்தே சொல்கிறோம். அப்படியானால் ஆண்டை அறிக்கையிட வேண்டியது எங்க ஆயாவிடம். பாவசங்கீர்த்தனத்துக்கு இப்போது 'ஒப்புரவு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அழகான வார்த்தை. ஒப்பு இல்லாத இடத்தில் ஒப்புரவு எங்கிருந்து வரும்?

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கீதங்களைப் படித்துப் பாருங்கள், நியாயம் கேட்டுக் கடவுளிடமே கோபப்படுகிற ஜெபங்கள் அதில் நிறைய. ஆயாவின் கோபமும் அப்படியொரு ஜெபம்தான். அதைப் பாவம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அடுத்த முறை உங்க பாட்டி பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: யார் உனக்கு என்ன பாக்கி வச்சிருக்காங்க?

அந்தப் பத்து நாள் கூலி இன்னும் வரவில்லை, தோழர்களே.